நீ கேட்ட புத்தகம்

என் ஆசை ஸ்டெல்லா,

நீ போய் முப்பதாம் நாள் பூசையும் முடிந்துவிட்டது. கோயிலில் எல்லோரும் உன் நல்ல குணத்தைப் பற்றியே பேசினார்கள். எனக்கோ உன்மேல் இருக்கிற பொறாமை இன்னும் அடங்கவில்லை. செத்தவளைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாளே என்று இதைப் படிக்கிறவர்கள் நினைத்தால் நினைக்கட்டும். உன்னோடு ஒருமுறை நூலகத்துக்குப் போய்வந்திருந்தால் அப்படி நினைக்கமாட்டார்கள்.

ஆறாம் வகுப்பில் ஆரம்பித்தது இது. நம் பள்ளிக்கூடத்தில் நூலகம் என்று இருந்தது தலைமையாசிரியர் அறையில் ஒரு பச்சை பீரோதான். அதன் சாவியை டீச்சர் உன்னிடம் கொடுத்தார். ஏன் என்னிடம் கொடுக்கவில்லை? நானும்தான் முதல் பெஞ்சு. வெள்ளிக்கிழமை பீரோவைத் திறந்ததும் நல்லதை நீ எடுத்துக்கொண்டு, அட்டை கிழிந்ததை என் கையில் திணிப்பாய். "இது சூப்பரா இருக்கும்டி" என்று வேறு சொல்வாய்.

பிறகு ஸ்ரீபெரும்புதூர் கிளை நூலகம். சனிக்கிழமைகளில் பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஒரே சைக்கிளில் போவோம், மிதிப்பது நான். ஆனால் நான் சைக்கிளைப் பூட்டிவிட்டு வருவதற்குள் நீ கதைப்புத்தக அலமாரி முன்னால் நிற்பாய். ஆளுக்கு இரண்டு புத்தகம்தான் தருவார்கள். மூன்றாவதை வேறு யாரும் எடுத்துவிடாமல் இருக்க, வேளாண்மை அலமாரியில் ஒளித்துவைப்பாய். நிலத்தைக் கம்பெனிகளுக்கு விற்கத் தொடங்கிவிட்ட ஊர்களில் அந்தப் பக்கம் யார் வரப்போகிறார்கள்? ஒருநாள் நானும் அங்கே ஒன்றை ஒளித்தேன், உரம் பற்றிய தடிப்புத்தகத்துக்குப் பின்னால். அடுத்த சனிக்கிழமை அது உன் கையில் இருந்தது. "இன்னாடி, எனக்கே தண்ணி காட்றியா?" என்றாய்.

பிளஸ் டூ முடித்ததும் நீ தண்டலம் பக்கம் கல்லூரிக்குப் போனாய். நான் ஒரகடத்தில் கார் சீட் தைக்கிற லைனுக்குப் போனேன். உன் கல்லூரி நூலகத்துக்கு இரண்டு மாடி, ஒவ்வொரு மேசைக்கு மேலேயும் ஒரு ஃபேன் என்று நீ சொல்லச் சொல்ல எனக்கு வயிறு எரியும். உன் கார்டில் எனக்கும் புத்தகம் கொண்டுவந்தாய், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஏழு நாள் கெடுவில் ஐந்து நாள் உனக்கு, இரண்டு நாள் எனக்கு. ஓ.டி. பார்த்துவிட்டு வந்து நான் எத்தனை பக்கம் படிக்க முடியும்? மீதிக் கதையை நீதான் வாயால் சொல்லி முடிப்பாய்.

எங்கள் கம்பெனி கேண்டீன் பக்கத்தில் ஒரு நூலகம் திறந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? நீ நுழைய முடியாத ஒரு நூலகம் என்று உன்னிடம் எவ்வளவு பீற்றிக்கொண்டேன். அது ஒரே ஒரு கண்ணாடி அலமாரி. அதில் இருந்ததெல்லாம் நல்ல சூப்பர்வைசர் ஆவது எப்படி என்கிற மாதிரிப் புத்தகங்கள். அதை மட்டும் உன்னிடம் கடைசிவரை சொல்லவில்லை.

இன்னொன்றும் உன்னிடம் சொல்லவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கிட்னி கெட்டு நீ படுத்தபிறகு, கிளை நூலகத்துக்குப் புதிதாக வந்திருந்த ஒரு நாவலைக் கேட்டாய். "சீக்கிரம் எத்துக்கினு வாடி, எனக்கு நேரமில்ல" என்றாய். போனேன், எடுத்தேன். பஸ்ஸில் திரும்பும்போது திறந்து பார்த்தால், பின்னால் ஒட்டியிருந்த தேதித் தாளில் என்னுடைய தேதியைத் தவிர வேறு எதுவும் இல்லை. இந்த வயது வரை நான் ஒரு நல்ல புத்தகத்தையும் உனக்கு முன்னால் படித்ததில்லை ஸ்டெல்லா. அன்று சாயங்காலம் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "யாரோ எத்துக்கினு போய்ட்டாங்களாம்டி" என்று சொன்னேன். புத்தகம் என் பையில் இருந்தது. நாலே நாளில் முடித்துவிட்டு உனக்குத் தந்துவிடலாம் என்று நினைத்தேன். நீ இரண்டாம் நாளே போய்விட்டாய்.

பூசை முடிந்து வரும்போது உன் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லி அழுதேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "ஸ்டெல்லாவுக்கு அப்பவே தெரியும்மா. லைப்ரரிக்கு போன் போட்டு கேட்டுச்சு. உங்கிட்டதான் கீதுன்னு சொன்னாங்க. இந்த வாட்டியாவது அவ மொதல்ல படிக்கட்டும்னு சிரிச்சிக்கினு இருந்துச்சு."

அதைக் கேட்டு எனக்கு மனம் ஆறியது என்று நினைக்காதே. எரிச்சல்தான் வந்தது. நான் திருடிக்கொண்டதைக்கூட நீ கொடுத்ததாக ஆக்கிவிட்டாய். பெருந்தன்மையிலும் என்னை முந்தித்தான் ஆக வேண்டுமா உனக்கு?

நேற்று உன் மகள் ரீனா வந்தாள். "பெரிம்மா, அம்மா கேட்ட புக்கு உங்கிட்ட கீதாமே. முடிச்சிட்டியா?" என்றாள். "இன்னும் நாலு நாள் ஆவும்" என்றேன். நீ போனதிலிருந்து ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை, ஆனாலும் கொடுக்க மனம் வரவில்லை. என் மகன் செல்போனைத் தவிர எதையும் கையில் எடுப்பதில்லை. உனக்கு மட்டும் இப்படி ஒரு பெண். சரி என்று சொல்லிவிட்டுப் போகும்போது அவள் முகம் வாடிப்போனது. அன்று உன் முகமும் இப்படித்தான் வாடியதா? எனக்குத் தெரியாது. நான் உன் முகத்தைப் பார்க்காமல் பையையே பிடித்துக்கொண்டிருந்தேன்.

நாளை ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்ததும் நேராக உன் வீட்டுக்குப் போகிறேன். பாதிதான் படித்திருக்கிறேன். பரவாயில்லை, ரீனா கையில் கொடுத்துவிடுவேன். உன்னிடம் சொன்ன பொய்யையும் அவளிடம் என் வாயால் சொல்லிவிடுவேன். இது சத்தியம். அதற்குப் பிறகும் அவள் என்னைப் பெரிம்மா என்று கூப்பிட்டால், அது உன் வளர்ப்பு. அதற்கும் சேர்த்து உன்மேல் பொறாமைப்படுவேன்.

நாளைக்குப் பிறகும் உன் மகளுக்குப் பெரியம்மாவாக இருக்க ஆசைப்படும்,
கலா