பிழைக்குள் உட்கார்ந்த கதை

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் குண்டுக்கல் மாதிரி இருக்கிறேன்.

செயற்கைக்கோள் தரும் உயரக் கணக்கை வைத்து, சுண்ணாம்புப் பாறை கரைந்து விழுந்த பள்ளங்களை வரைபடத்தில் குறிப்பதுதானே என் வேலை? அப்படி நான் குறித்த ஒன்றை, "அது கம்ப்யூட்டர் பிழைம்மா, அழிச்சிடு" என்றார் மேலதிகாரி. நான் விடவில்லை. நேற்று நேரிலேயே போனோம். புதருக்குள் கால் வைத்தவள் சறுக்கிக்கொண்டே பள்ளத்தின் அடிக்குப் போய்விட்டேன். பயப்படாதே, சேறு மட்டும்தான்.

"சார், உங்க பிழைக்குள்ளதான் உட்காந்திருக்கேன்!" என்று கத்தினேன். மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கெட்டியான காலுறை அனுப்பு. போனில் பேசக்கூட வேண்டாம். சமைக்கும்போது போனைப் பக்கத்தில் வைத்துவிடு, அந்தச் சத்தம் கேட்டால் போதும்.

வாசலில் ஹாரன் சத்தம், மேலதிகாரிதான். "பள்ளத்துக்காரம்மா, கிளம்புங்க! இன்னும் நாற்பது பிழை பாக்கணும்!"

உன் மகள்