கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆள்

வீட்டு மகாராணிக்கு,

சனிக்கிழமையும் நாள் முழுக்க எனக்கு வேலை என்று உன்னிடம் சொன்னது பொய். ஒரேயடியாகத் திட்டாமல் தவணை முறையில் திட்டு. உன் முழங்கால் வலி தேவலையா? நான் சுகமாக இருக்கிறேன்.

நான் கூட்டிப் பெருக்குகிற மைதானத்தில் சனிக்கிழமைதோறும், நம்ம மகளைப் போல மூளை வளர்ச்சி மெதுவான பிள்ளைகளுக்கு ஓட்டப்பந்தயம் நடக்கிறது. முடிகிற கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தக்காரர் ஒருவர் நின்று கூப்பிட வேண்டும். ஒருத்திக்கு மட்டும் ஆள் வரவில்லை. பயிற்சியாளர் என்னைப் பார்த்து, "அண்ணே, துடைப்பத்தை வச்சிட்டு வாங்க" என்றார். அன்றிலிருந்து நான்தான் அவளுக்கு ஆள். ராக்கெட் என்று பட்டப்பெயரும் வைத்துவிட்டேன்.

"உங்களப் பாக்க யாரும் வர மாட்டாங்களா?" என்று கேட்டாள். "அடுத்த வாரம் வருவாங்க" என்றேன். மூன்று வாரமாக அதையேதான் சொல்கிறேன்.

அங்கேயும் விளையாட்டு டீச்சர் இரண்டு தடவை வந்து கூப்பிட்டாரே, மகளை அனுப்பி வை. ஊர் சிரிக்குமே என்று பார்க்காதே. நம்ம கல்யாணத்துக்கே சிரித்த ஊர்தானே. நீ கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிடு, ஓடி வருவாள். அவள் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பு, ஷூ வாங்க வேண்டும். உன் பாதத்தையும் வரை. சும்மாதான்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. நேற்று ராக்கெட்தான் முதலாவது. கோட்டில் நிற்காமல் என் மேல் வந்துதான் நின்றாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் முன்பல் ஒன்றைக் காணோம். சாயங்காலம் கூட்டும்போது கிடைத்தது.