பேச்சியம்மாளின் ஆறாவது பிளேட்

ஆனி 3, புதன். தேனி.
காலையிலிருந்து சாரல். வேட்டி காயவில்லை. அச்சாபீஸ்காரர் வந்தார். பேச்சியம்மாள் பாட்டுகளைப் புத்தகமாகப் போடுகிறாராம். முகவுரை நான் எழுத வேண்டுமாம்.

"கூட இருந்தவுக நீங்கதேன். பொறந்த ஊரு, கிராமபோன் பிளேட்டு எத்தன, எல்லாம் தப்பில்லாம வேணும்."

கூட இருந்தது ஒன்பது வருஷம். என் பெண்டாட்டி என்று சொல்ல நா எழவில்லை. அவள் போய்ச் சேர்ந்த சேதியே கருமாதி முடிந்துதான் எனக்கு வந்தது.

தெரிந்தது:
ஊர் தேவாரம். (நாடக நோட்டீஸில் ஆண்டிபட்டி. தப்பு.)
எழுதப் படிக்கத் தெரியாது.
பிளேட் ஐந்து. ஆறு என்கிறார் அச்சாபீஸ்காரர்.
ஆர்மோனியம், நான்.
பாட்டு இயற்றியவர்

அதோடு மூடி வைத்துவிட்டேன். ராத்திரிக்குப் பழைய சோறு.

ஆனி 5, வெள்ளி.
தேவாரம். பெட்ரோலுக்குப் பஞ்சம். கரியில் ஓடும் பஸ் மூன்று இடத்தில் நின்றது. அவள் தங்கை சீனியம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டாள். ஒரு செம்புத் தண்ணீர்.

"எங்கக்கா அடுப்பூதிக்கிட்டே கட்டுன பாட்டுக்கு உம்ம பேரு. வெக்கமா இல்ல மச்சான்?"

இருக்கிறது. பட்டணத்தில் பிளேட் கம்பெனிக் காகிதத்தில் இயற்றியவர் என்று என் பேரை நிரப்பியவன் நான். பொம்பளை பேர் போட்டால் விலைபோகாது என்று அவளிடம் சொன்னதெல்லாம் பிற்பாடு. என் பேரை அச்சில் பார்க்க ஆசை, அவ்வளவுதான். பிளேட் லேபிளை யாரோ அவளுக்குப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கே என்னை விட்டுப் போய்விட்டாள்.

ஆறாவது பிளேட் உண்டாம். அப்புறம் தனியாகப் போய்ப் பாடினாளாம். "ஒங்க ஊரு காப்பி கிளப்புலயே அது ஓடுது. போயிக் கேளும்."

ஆனி 6, சனி.
அவள் குரல் வரும் என்றே அந்தக் கிளப் பக்கம் போகாதவன். இன்று போனேன். கிராமபோன் பெட்டிக்குச் சாவி கொடுத்து அந்த ஆறாவது பிளேட்டை வைத்தார் முதலாளி. பாட்டு முடிந்ததும், எப்போதும்போல ஊசியைத் தூக்கக் கையை நீட்டினார். "ஊசி தேஞ்சிரும்ணே. சண்ட நடக்கயில ஊசிக்கு எங்கன போறது?"

தூக்கவிடாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிளேட் முடிவில் பேர் சொல்வது வழக்கம். முதல் ஐந்திலும் "பாடினது தேவாரம் பேச்சியம்மா" என்பாள். கொஞ்சம் உரசல். பிறகு அவள்.

"பாடினது தேவாரம் பேச்சியம்மா. கட்டினதும் பேச்சியம்மாதேன்."

"அட, இத்தன நாளா இது தெரியாமப் போச்சே" என்றார் முதலாளி. என் காப்பி ஆறிவிட்டது.

வீட்டுக்கு வந்து எழுதியது:
பிளேட் ஆறு.
எல்லாப் பாட்டும் இயற்றியவர், தேவாரம் பேச்சியம்மாள்.
ஆர்மோனியம், ஐந்துக்கு நான்.
ஆறாவதில் ஆர்மோனியம் கிடையாது.