மில்லுக்குப் போகட்டுமா என்று கேட்டவன்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையிலிருந்தே ஆடிக் காற்று. மாடியில் காயப்போட்ட துணியில் பாதி பக்கத்து வீட்டுக் கூரையில்.

மகள் சபீனா கல்லூரி நூலகத்திலிருந்து எடுத்து வரும் நாவல்களைத்தான் ஒரு வாரமாகப் படிக்கிறேன். முதலாவது கொலைக்கதை. விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டரே கொலைகாரன்! பாவம், தூக்கமில்லாமல் அலைகிறானே என்று அவனுக்காகக் கவலைப்பட்ட என்னைச் சொல்ல வேண்டும். இரண்டாவதில் ஒரு தாய், பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு பஸ் ஏறிப் போய்விடுகிறாள். கோபத்தில் புத்தகத்தை அரிசி டின் மேல் எறிந்தேன். பிறகு நானே போய் எடுத்தேன். எந்த ஊரில் இறங்கினாள் என்று தெரிய வேண்டுமே. கடைசிவரை சொல்லவில்லை. இப்படியும் எழுதுவார்களா?

சபீனா சிரிக்கிறாள். "எம்மா, அது கத. நீ ஏன் இம்புட்டு பதறுற?"

மூன்றாவது நாளை. கேஸ் சிலிண்டருக்குப் பதிய வேண்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்



மூன்றாவது நாவல். ஒரு மில் மேஸ்திரி, அவன் மனைவி. குழந்தை உயிரில்லாமல் பிறக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வந்தவன் கட்டில் பக்கத்தில் நின்று கேட்கிறான்: "அப்ப நான் மில்லுக்குப் போகட்டுமா?"

அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

சபீனாவுக்கு முன் எனக்கு ஒன்று பிறந்தது. அதுவும் உயிரில்லாமல். பெருநாள் வியாபார நேரம். வந்து நின்ற என் வீட்டுக்காரர் கேட்டது: "அப்ப நான் கடையத் தொறக்கட்டுமா?" எங்கள் செருப்புக் கடையை. தலையாட்டினேன். போய்விட்டார். குழந்தையை அடக்கம் செய்யப் போனது என் அத்தாவும் அண்ணனும்தான்.

யாரிடமும் சொன்னதில்லை இதை. அம்மாவிடம்கூட. எழுதியவர் யாரோ, எந்த ஊரோ. அவருக்கு எப்படித் தெரிந்தது? அப்படியென்றால் இன்னும் எத்தனை பேரிடம் இப்படிக் கேட்டிருக்கிறார்கள்?

ஆகஸ்ட் 7, வியாழன்

இவருக்குக் காய்ச்சல். நேற்றிலிருந்து வீட்டில். ஓயாமல் போனை நோண்டுகிறார் என்று சபீனா அதைப் பிடுங்கிக்கொண்டு அந்த நாவலைக் கையில் கொடுத்தாள். "இதப் படிங்க அத்தா."

பேப்பர் தவிர எதுவும் படிக்காதவர், படித்தார். கஞ்சி ஆறிப்போகும்வரை படித்தார்.

சாயங்காலம் கூப்பிட்டார். "மும்தாஜ், இந்தாளப் பாத்தியா? புள்ளயப் பறிகொடுத்துட்டுக் கெடக்கா, மில்லுக்குப் போகட்டுமாங்குறான். இவனெல்லாம் மனுசனா?"

முகத்தைப் பார்த்தேன். நடிப்பில்லை. நிஜமான கோபம்.

"நீங்களும் கேட்டீங்க."

"என்னத்த?"

"கடையத் தொறக்கட்டுமான்னு. அன்னிக்கி, ஆஸ்பத்திரியில."

"நானா? நான் எப்பக் கேட்டேன்?"

பொய் இல்லை. நினைவே இல்லை அவருக்கு. கேட்ட அன்றைக்கு வலித்ததைவிட இது... இத்தனை வருடம் நான் சுமந்தது அவரிடம் ஒரு நாள்கூட இருந்ததில்லை.

இரவு இருவரும் சாப்பிடவில்லை. சபீனா மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தன் தட்டைக் கழுவி வைத்தாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காய்ச்சல் விட்டது. குளித்துவிட்டு அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"எங்க அடக்குனாங்க?"

கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். எனக்கும் தெரியாது. அத்தா மௌத்தாகிவிட்டார், இனி அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். ஒரே வீட்டில் இத்தனை காலம். அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அவரே அண்ணனுக்குப் போன் போட்டார். "மச்சான், ஜும்மா முடிஞ்சு செத்த நேரம் எங்கூட கபர்ஸ்தானுக்கு வாங்க."

திரும்பி வந்தபோது கால் முழுக்க மண். "செவுத்த ஒட்டி, ஒரு புங்க மரத்துக்குக் கீழ. அடையாளம் ஒண்ணுமில்ல. மச்சான்தான் காட்டுனாரு."

தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"பேரு ஏதாச்சும் நெனச்சு வச்சிருந்தியா?"

சொன்னேன்.