பச்சைப் பாட்டிலின் வழக்கு

மகள் வீட்டில் ஓய்வெடுக்கும் முதலாளி அவர்களுக்கு,

உங்கள் மனைவி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், கம்பெனியும் நலம். காலை மாத்திரையைப் போட்டாயிற்று என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

நாம் ஒரு வழக்குப் போட்டிருக்கிறோம். முதல் சுற்றில் ஜெயித்தும் விட்டோம். ஆபரேஷன் முடிந்து உங்களை அனுப்பும்போது டாக்டர், "வியாபாரப் பேச்சே அவர் காதுல விழக்கூடாது" என்று சொல்லிவிட்டார். அதனால்தான் போனில் தினமும் மழையையும் வெயிலையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். இனிமேல் சொல்லலாம் என்று நேற்றுத்தான் அனுமதி கிடைத்தது.

சோப்பு விற்கும் ஒரு பெரிய கம்பெனி, நம்மைப் போலவே தரை துடைக்கும் திரவம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதற்கு டிவியில் ஒரு விளம்பரம். ஒரு பெண் தரையைத் துடைக்கிறாள், மூக்கைச் சுளிக்கிறாள், கையிலிருக்கும் பாட்டிலைக் குப்பைக்கூடையில் வீசுகிறாள். வீசிய பாட்டிலில் லேபிள் இல்லை, பெயர் இல்லை. ஆனால் பச்சை நிறம், நடுவில் ஒடுங்கிய இடுப்பு. ஈரக் கையில் வழுக்குகிறது என்று நான் புலம்பியதற்காக, என் பிடியை அளவெடுத்து நீங்கள் வைத்தீர்களே, அதே இடுப்பு! உங்கள் தம்பி, "பேரு போடலையே அண்ணி, நாம என்ன பண்ண முடியும்?" என்றார். கடைக்காரர்களுக்குப் பெயர் தேவைப்படவில்லை. ஒவ்வொருவராகச் சரக்கைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார்கள். இப்படியே போனால் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான் என்று பயந்துவிட்டேன்.

நம் பெயரையும் பாட்டிலின் வடிவத்தையும் பதிவு செய்து கொடுத்த வக்கீல் அம்மாவிடம் ஓடினேன். தன் சரக்கு உசத்தி என்று சொல்லிக்கொள்ள யாருக்கும் உரிமை உண்டு, அடுத்தவர் சரக்கைக் குப்பை என்று காட்ட உரிமை இல்லை என்றார் அவர். உடனே வழக்குப் போட்டோம்.

எதிர்த் தரப்பு வக்கீல் லேசுப்பட்டவர் இல்லை. பச்சைப் பாட்டில் ஊரில் ஆயிரம் இருக்கிறது, இது இவர்களுடையது என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார். நம் வக்கீல் அம்மா விளம்பரத்தை ஓடவிட்டு, பாட்டில் கூடையில் விழும் இடத்தில் நிறுத்தினார். லேபிளை உரித்த பசைத் தடம் பளிச்சென்று தெரிந்தது. நம் லேபிளை அதன் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அதே உயரம், அதே வளைவு. கடையில் நம் பாட்டிலை வாங்கி, உரித்து, படம் எடுத்திருக்கிறார்கள். நீதிபதி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். எனக்குக் கைதட்டலாம் போலிருந்தது.

அதற்குப் பிறகுதான் அந்த வக்கீல் நம்மேல் பாய்ந்தார். நம் பாட்டிலைத் தூக்கிக்காட்டி, 'ஒரே துடைப்பு, ஒரு கிருமி மிச்சமில்லை' என்று உரக்கப் படித்தார். "இதுக்கு ஆதாரம் எங்க? பொய் விளம்பரம் பண்றவங்க, அடுத்தவங்க விளம்பரத்த நிறுத்தச் சொல்லலாமா?" என்றார்.

மொட்டைமாடியில் நடந்து நடந்து நீங்கள் எழுதிய வரி. கல்யாண வீடுகளில்கூட அதைச் சொல்லித்தானே உங்களை அறிமுகப்படுத்திக்கொள்வீர்கள்? ஆனால் பரிசோதனைக் கூடத்தில் கேட்டால், பெரும்பாலான கிருமிகள் சாகின்றன, ஒன்றுகூட மிஞ்சாது என்று எழுதித்தர முடியாது என்கிறார்கள். ஆதாரம் தேட அவகாசம் கேட்கலாம், அதுவரை அவர்கள் விளம்பரமும் ஓடும் என்றார் வக்கீல் அம்மா. உங்கள் தம்பி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணன் வரியில மட்டும் கைவைக்காதீங்க அண்ணி, என்னை உயிரோட விடமாட்டார்" என்றார்.

கைவைத்துவிட்டேன். நீதிபதி முன்னால் நானே எழுந்து சொன்னேன். அந்த வரியை இனி அச்சடிக்க மாட்டோம், கடைகளில் இருக்கும் பாட்டில்களிலும் அதை மறைத்துவிடுவோம், எங்கள் சரக்கு எல்லாக் கிருமியையும் கொல்லாது, ஆனால் அது குப்பையும் இல்லை என்றேன். குரல் நடுங்கவில்லை. வழக்கு முடியும்வரை அந்த விளம்பரத்தை எங்கும் காட்டக்கூடாது என்று நீதிபதி அன்றைக்கே உத்தரவு போட்டுவிட்டார். திருப்பி அனுப்பிய கடைக்காரர்கள் இப்போது போன்மேல் போன் போடுகிறார்கள். வெட்கப்படாமல் சொல்கிறேன், எனக்கு என்னை நினைத்தால் அவ்வளவு பெருமையாக இருக்கிறது. உங்கள் நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும், அதை நேரில் வந்து காட்டுங்கள். புது லேபிளில் அந்த வரி இருந்த இடம் காலியாக இருக்கிறது. விளம்பரக்காரர் எதையெதையோ எழுதிக்கொண்டு வந்தார். உங்கள் தம்பிகூட ஒன்று எழுதினார், சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. ஒன்றையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. எழுத வேண்டியவர் வரும்வரை அந்த இடத்தை அப்படியே விட்டு அச்சடிக்கும்படி அச்சகத்தில் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை உண்மையாக எழுத வேண்டும், அது உங்களால் முடியும். மாடியில் நடந்தால்தான் வரும் என்றால், கையைப் பிடித்து மெதுவாக நானே ஏற்றிவிடுகிறேன்.

வரி வராவிட்டாலும் பரவாயில்லை. நீங்கள் நல்லபடியாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கோபத்துக்குப் பயப்படாத மனைவி