குசினிக்குப் பின்னால் ஒரு கொட்டில்

கிண்ணியா, 1976

அன்புள்ள மச்சானுக்கு, ஸலாம்.

கலியாணத்துக்கு முன் வீட்டை என் பெயருக்கு எழுதிவிட்டு, உம்மாவும் வாப்பாவும் குசினிக்குப் பின்னால் கொட்டில் போட்டு ஒதுங்க வேண்டும் என்று உங்கள் உம்மா சொல்லியனுப்பினார். வாப்பா அன்றைக்கே கம்பு நட்டார். நான் பிடுங்கிக் குசினி அடுப்பில் வைத்தேன்.

"ஊர் வழமைதானே மகள்" என்றார்.

"மழையில நனையப்போறது வழமை இல்ல வாப்பா, நீங்க."

உங்கள் கடிதத்தில் இதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. சீனன்குடாவில் வேலை கூடவாக்கும்.

நான் சட்டை தைத்து, பக்கத்து வளவுக் காணியை வாங்க முற்பணம் சேர்க்கிறேன். அதுவரை இந்த வீட்டில் மகளாகத்தான் இருப்பேன்.

நீங்களும் சேர்த்தால் அங்கே நம் வீடு கெதியாய் எழும்பும். ஏலாதென்றால் மெதுவாக எழும்பும். அப்போது கதிரை ஒன்று குறைத்து வாங்குவேன், உங்களுக்கென்று நினைத்ததை.

இப்படிக்கு,
உங்களுக்குப் பேசிவைத்த மச்சி