கேப்டன் கொளுத்திய ஊர்

ஏனாத்தூர்,
6.1.2025

அன்புள்ள ஜீவிக்கு,

அனு எழுதுவது. கிழித்துப் போடாமல் இதுவரை படித்ததற்கே உனக்கு ஒரு கும்பிடு. ஒன்றரை வருஷத்துக்கு மேலாக என் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறாய். தபால்தலை எங்கே கிடைக்கும் என்று நாலு பேரிடம் கேட்டு, காலேஜ் லைப்ரரியில் வேலைக்கு நடுவில் இதை எழுதுகிறேன். அம்மாவுக்குப் பிள்ளையார்பாளையம் வாடகை வீடு பழகிவிட்டதா? உன் தம்பி அருளின் கை எப்படி இருக்கிறது?

நேராகச் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் பிரேம்நாத் முன்போல் இல்லை. மிலிட்டரியிலிருந்து திருவிழாவுக்கு லீவில் வந்தவன் அன்று செய்ததை நான் நியாயம் என்று சொல்லவில்லை. சாமி காலனித் தெருவுக்கும் வரட்டும் என்றுதான் அருள் கேட்டான். அதற்கா அந்த அடி? இப்போது அண்ணனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஜாமீனில் வந்ததிலிருந்து அவனுக்குச் சோறு இறங்குவதில்லை. உங்கள் தெருமுனைவரை இரண்டு தடவை வந்துவிட்டுத் திரும்பியிருக்கிறான். அருளைக் கைப்பயிற்சிக்குத் தானே வண்டியில் கூட்டிப்போகிறேன் என்கிறான்.

நாம் மூன்று பேரும் தமிழில் சப்டைட்டில் போட்ட ஜப்பான் அனிமேயை நினைத்துப் பார். முதல் சீசனில் ஆற்றோர ஊரையே கொளுத்தினவர் கேப்டன் ஹயசுமி. மூன்றாவது சீசனில் அவர் இல்லாவிட்டால் கதையே இல்லை. அந்தத் தீயில் அம்மாவை இழந்த பையனே அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். அருள் அவர் படத்தை வரைந்து கதவில் ஒட்டினானே. ஒரு பொம்மைப்பட கேப்டனை மன்னித்த நமக்கு ஒரு மனுஷனை மன்னிக்க முடியாதா? ராஜியாகப் போய்விடலாம் என்று அருளிடம் ஒரு வார்த்தை சொல்லடி.

உன் கோபத்தையும் சேர்த்து நேசிக்கும்,
அனு

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்
13.1.2025

அனுவுக்கு,

போனில் உன் குரலைக் கேட்டால் இளகிவிடுவேன். அதனால்தான் நானும் பேனாவை எடுத்தேன். நாளைக்குப் பொங்கல். இங்கே ஒரே ஒரு கரும்பு வாங்கியிருக்கிறோம்.

அருளுக்கு வலது கையில் மூன்று விரல் மடங்காது. பட்டுப்புடவைக் கரைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுத்தவன், இப்போது இடது கையால் மவுஸ் பிடிக்கப் பழகுகிறான். ஒரு அன்னப்பறவைக்கு முன்பு அரை மணி நேரம். போன வாரம் மூன்று நாள் ஆனது. கடைக்காரர் நல்லவர், இன்னும் எத்தனை நாள் நல்லவராக இருப்பார் என்று தெரியவில்லை.

கேப்டன் விஷயத்துக்கு வருகிறேன். நீ வசனத்தைத் தமிழாக்கினாய். வரி எப்போது வரவேண்டும், எப்போது மறைய வேண்டும் என்று விநாடிக் கணக்குப் பார்த்தவள் நான். ஒவ்வொரு எபிசோடுக்கும் முன்னால் முன்கதைச் சுருக்கம் வருமே, அதில் அந்த ஊர் எரிவது முதல் சீசனில் பதினொரு விநாடி. இரண்டாவதில் நாலு. மூன்றாவதில் கிடையாது. அவரை நல்லவராக்க எழுதினவர்கள் என்னென்ன செய்தார்கள் என்றும் எனக்குத் தெரியும். முதலில் அவருக்கு ஒரு அழுகைக் கதை. பிறகு முடியைக் குட்டையாக வெட்டினார்கள். பிறகு ஏப்ரன் கட்டிவிட்டு, குழம்பைத் தீய விட்டு நம்மைச் சிரிக்க வைத்தார்கள். நானும் சிரித்தேன், மறுக்கவில்லை. ஆனால் அவர் ஒருமுறைகூட அந்த ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. கொளுத்தினது நான்தான் என்று அங்கே மிச்சமிருந்த யாரிடமும் சொல்லவில்லை. பையன் ஒருத்தன் மன்னித்தால் ஊரே மன்னித்த கணக்கா?

உன் அண்ணனை உள்ளே தள்ளி எனக்கு என்ன கிடைக்கப் போகிறது? எனக்கு வேண்டியது ஒன்றுதான். சாட்சிப் பட்டியலில் உன் பெயர் இருக்கிறது. எங்கள் காலனித் தெரு ஆட்கள் எத்தனை பேர் சொன்னாலும் ‘அவங்க ஆளுங்க, அப்படித்தான் சொல்லுவாங்க’ என்று தள்ளிவிடுகிறார்கள். ஊர்த்தெருவிலிருந்து பார்த்தவள் நீ ஒருத்திதான். தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்றிருந்தாய். சவுக்குக் கட்டை யார் கையில் இருந்தது என்று அன்றைக்கே போலீசிடம் சொன்னாய். அதையே கோர்ட்டிலும் சொல். அதற்குப் பிறகு உன் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வரட்டும். நானே தோசை சுட்டுப் போடுகிறேன்.

ஜீவிதா

ஏனாத்தூர்,
24.1.2025

என் ஜீவி,

உன் கடிதத்தைப் பஸ்ஸில் படித்துவிட்டு இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன். மூன்றாவது எபிசோடில் கிழவி ஒருத்தி கேப்டனைக் கேட்பாளே, யார் கொளுத்தச் சொன்னது என்று. அதற்கு அவர் ஜப்பானிய மொழியில் சொன்ன பதில், நான்தான் சொன்னேன் என்பது. நான் தமிழில் ‘மேலிடத்து உத்தரவு’ என்று போட்டேன். பின்னால் அவர் நல்லவராகப் போகிறார் என்று எனக்கு முன்பே தெரியும். நம் ஆட்கள் அவரை வெறுத்துவிடுவார்களே என்று பாவம் பார்த்தேன். நீயும் அருளும் என்னை நம்பி அதையே வைத்துக்கொண்டீர்கள். இத்தனை நாளில் அது தப்பு என்று தோன்றவே இல்லை. இப்போதுதான் தோன்றுகிறது.

வீட்டில் நிலைமை சரியில்லை. அம்மா என் முகத்தைப் பார்ப்பதில்லை. “நீ கோர்ட்ல வாயத் தொறந்தினா அன்னிக்கே நான் போய்ச் சேந்துடுவேன்” என்று நேற்றுச் சொன்னாள். அப்பா சாப்பிடும்போது எழுந்து போய்விடுகிறார். அண்ணன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறான்.

ஆனாலும் சொல்லிவிடுவேன் ஜீவி. அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி வரச்சொல்லிச் சம்மன் வந்திருக்கிறது. பார்த்ததைப் பார்த்தபடி சொல்வேன். அருளிடம் சொல்லிவை. பயமாக இருக்கிறது, எனக்காகக் காமாட்சியிடம் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்.

உன்,
அனு

பிள்ளையார்பாளையம்,
30.1.2025

அன்பு அனுவுக்கு,

அருளிடம் சொன்னேன். “அனுக்கா சொல்லிடும், எனக்குத் தெரியும்” என்றான். கோர்ட்டுக்குப் போட நீலச் சட்டையை எடுத்து வைத்திருக்கிறான். அம்மா உனக்கென்று முறுக்கு சுட்டு டப்பாவில் போட்டிருக்கிறாள், அன்றைக்குக் கொண்டு வருகிறேன். எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளாகிறது தெரியுமா?

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் பதினெட்டு வரை போன் செய்யாதே. நான் ஏதோ சொல்லிக்கொடுத்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது.

என்றும் உன்,
ஜீவி

பிள்ளையார்பாளையம்,
19.2.2025

அனுவுக்கு,

நேற்று கூண்டில் நீ என்னைப் பார்க்கவே இல்லை. கூட்டம் அதிகம், யார் அடித்தது என்று முகம் தெரியவில்லை என்றாய். போலீசிடம் சொன்னதைக் கேட்டதற்கு, அவர்களே எழுதிக்கொண்டார்கள் என்றாய். மூன்று நிமிஷத்தில் முடிந்துவிட்டது. உன் அம்மா வாசலில் உன்னைக் கட்டிப்பிடித்துக் கூட்டிப்போனாள். இனி இந்த வழக்கில் ஒன்றும் மிச்சமில்லை என்று எங்கள் வக்கீல் சொல்லிவிட்டார்.

உன் அம்மா செத்துப்போவேன் என்றதை நினைத்து உன்னை மன்னிக்கப் பார்த்தேன். இரவு முழுவதும் பார்த்தேன். முடியவில்லை. அருள் உன்மேல் கோபப்பட வேண்டாம் என்றுதான் சொல்கிறான். காலையில் கம்ப்யூட்டர் பக்கம் போகவில்லை, சாப்பிடவும் இல்லை.

நீ போன பிறகு நடந்ததை உன் வீட்டில் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள். அதனால் எழுதுகிறேன். கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் நாங்கள் நின்றிருந்தபோது உன் அண்ணன் வந்தான். முடியை ஒட்ட வெட்டியிருந்தான். அருள் காலடியில் உட்கார்ந்து, அவன் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதான். நிஜமான அழுகைதான், எனக்குத் தெரிந்தது. ஆனால் எதற்காக அழுகிறான் என்று அவன் வாயால் சொல்லவில்லை. சுற்றி நின்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். டீக்கடைக்காரர்கூட, இப்படிப்பட்ட பிள்ளையைப் பார்க்க முடியுமா என்றார்.

அருள், “கைய உடுண்ணா, நோவுது” என்றான்.

யாருக்கும் கேட்கவில்லை. உன் அண்ணனுக்கும் கேட்கவில்லை, இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதான். நான்தான் குனிந்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, என் தம்பி கையை வெளியே எடுத்தேன்.

ஜீவிதா